கடல் கோணலாகத் தெரிந்தால்

(மூத்த தொழிலாளர் சுற்றுலாவின்போது உடப்புக் கடற்கரையில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)

 

காலையில் முன்னேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு, சிலாபத்தைத் தாண்டி இந்த உடப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். மீன்குழம்போடு சாப்பாடும் ஆச்சு. இந்த நேரத்தில் பேச்சைக் கேளுங்கள் என்றால் கண் சொருகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கண்ணைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

முதலில் ஒரு சின்ன வேலை. எல்லோரும் எழுந்து கடல் பக்கமாகத் திரும்புங்கள். தூரத்துக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அமுக்க வேண்டாம். வலது கண்ணால் கடலும் வானமும் சேருகிற அந்தக் கோட்டைப் பாருங்கள். நேராக இருக்கிறதா? சரி, இப்போது கையை மாற்றி மற்றக் கண்ணால் பாருங்கள். கோடு நடுவில் வளைந்தோ, குழி விழுந்தோ, ஓர் இடத்தில் கறுத்துப்போயோ தெரிகிறவர்கள் பேச்சு முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

நம்முடைய மலைநாட்டில் இவ்வளவு நீளமான நேர்கோடு ஒன்றைப் பார்க்கக் கிடைக்காது. எங்கு பார்த்தாலும் மலையும் மூட்டமும்தான். இந்தக் கோட்டை வைத்து நான் பேச ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2016ஆம் ஆண்டு இதே உடப்புக்கு என் அம்மாவைக் கூட்டி வந்தேன். கரைவலை இழுக்கிறவர்கள் அம்பா பாடிக்கொண்டு கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று அதைக் கசக்கிக்கொண்டு, மற்றக் கண்ணால் கடலைப் பார்த்தார். "டேய் தம்பி, என்னாடா கடலு நடுவுல கூனிப்போய் நிக்குது?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். "அலை அம்மா அது" என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவர்களிடமும் சொல்லிச் சிரித்தேன். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு, அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்றார். வயதானால் வெள்ளை படரும்தானே, அடுத்த கண் முகாமில் காட்டலாம் என்று நானே சொன்னேன். நலன்புரி உத்தியோகத்தர் என்று பெயர்! நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணாடியும் மாற்றிக் கொடுத்தேன். ஐந்து மாதம் போய்விட்டது. கடைசியில் கண் வைத்தியர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வெண்புரை இல்லை. விழித்திரையின் நடுவில் இரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டது. இந்தக் கண்ணில் இனி நடுப்பார்வை திரும்பாது." அம்மாவின் இடது கண் அப்படித்தான் போனது. அம்மா கடற்கரையில் சொன்ன அன்றைக்கே காட்டியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று அந்த வைத்தியரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் துண்டு எழுதினார்.

நான் வெண்புரை என்று நினைத்ததில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் செய்த கணக்கெடுப்பில், 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 1.7 பேர் பார்வை இழந்தவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம் வெண்புரைதான். வெண்புரை காத்திருக்கும். ஆறு மாதம் பிந்தி வெட்டினாலும் பார்வை வரும். ஆனால் நான் சொல்லுகிற இந்த நோய் காத்திருக்காது. இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் என்னுடைய பிழை.

இதன் பெயர் வயது சார்ந்த மாகுலாச் சிதைவு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண்ணுக்குப் பின்புறச் சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதன் நடுவில், சுமார் ஐந்து மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு மஞ்சள் நிற இடம்தான் மாகுலா. முகம் பார்ப்பது, எழுத்து வாசிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, கொழுந்து எது முற்றிய இலை எது என்று பிரிப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. மிச்சத் திரை சுற்றுப்புறத்தைப் பார்க்கும். அதனால் இந்த நோய் வந்தவர்கள் முழுக் குருடாக மாட்டார்கள். லயத்து வாசல் படியில் இறங்குவார்கள், தண்ணீர்ப் பீலிக்குப் போவார்கள். ஆனால் எதிரில் வருகிறவர் முகம் மட்டும் தெரியாது. என் அம்மாவைப் பற்றி "மகன் உத்தியோகத்துக்கு வந்ததும் அந்தம்மாவுக்குத் தலைக்கனம், பார்த்தும் பேசுறதில்ல" என்று லயத்தில் பேசினார்கள். பேசினவர்களில் இரண்டு பேர் இங்கேயே இருக்கிறார்கள். கோபமில்லை, சும்மா சொல்கிறேன்.

எப்படி வருகிறது? நம்ம மலையில் கான் வெட்டத் தெரியாதவர் இல்லை. கானில் இலையும் சேறும் அடைத்தால் தண்ணீர் போகாமல் மண் அழுகும். விழித்திரைக்குப் பின்னால் ஓர் அடுக்கு உயிரணுக்கள் இந்தக் கான் சுத்தம் செய்கிற வேலையைத்தான் செய்கின்றன. வயதாக ஆக அவை களைத்துப்போகின்றன. கழிவு மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி கட்டுகிறது. ட்ரூசன் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். இந்தப் புள்ளியோடு நிற்கிற ஆட்கள் நிறையப் பேர், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு அந்த இடம் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும், இது உலர்ந்த வகை. இன்னும் சிலருக்கு, அடியிலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து மேலே வரும். பலமில்லாத குழாய்கள். கசியும், இரத்தம் விடும். இது ஈர வகை. உலர்ந்த வகை வருடக் கணக்கில் நகரும். ஈர வகை வாரக் கணக்கில் பார்வையைத் தின்னும். கோடு கோணுவது பெரும்பாலும் இந்த ஈர வகையின் அடையாளம்.

இது வெள்ளைக்காரர்களின் நோய் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு சரியா என்று பார்க்க இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் வைத்தியர்களும் அதில் இருந்தார்கள். 60 வயதைத் தாண்டிய 5,853 பேர் வந்து கண்ணைக் காட்டினார்கள். 2010இல் முடிவு வெளியானது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் 100க்கு 39 பேருக்கு ஆரம்பப் புள்ளிகள் இருந்தன. முற்றிய நோய் 100க்கு 1.2 பேருக்கு. அந்த வயதில் மேல்நாட்டுக் கணக்கும் ஏறக்குறைய இதுதான். இன்னொரு விசயம். 1,587 பேருக்கு உள்ளே தெளிவான படம் கிடைக்கவில்லை, பெரும்பாலும் வெண்புரை மறைத்ததால். ஆகவே வெண்புரை வெட்டிய பிறகும் நடுவில் தெளிவில்லை என்றால், "வெட்டினவர் சரியில்லை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாமல், விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

யாருக்கு வரும்? வயதுதான் முதல் காரணம். இரண்டாவது பரம்பரை. 2005ஆம் ஆண்டில் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் ஒரே மரபணுவைக் கண்டுபிடித்தன. உடம்புக்குள் கிருமியை அடிக்கிற காவல் படை ஒன்று இருக்கிறது. அது அளவு மீறி நம்மையே அடிக்காமல் தடுத்து வைக்கிற பொருளுக்குரிய மரபணு அது. அது கொஞ்சம் மாறியிருந்தால் கண்ணுக்குள் காவல்காரனே வீட்டை உடைப்பான். அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் வரக்கூடும். நான் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுகிறேன்.

வயதையும் பரம்பரையையும் நாம் மாற்ற முடியாது. மூன்றாவது காரணத்தை மாற்றலாம். அது புகை. பீடி, சிகரட், சுருட்டு எல்லாமேதான். புகைக்கிறவருக்கு இந்த நோய் வருகிற வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது. ஆந்திர மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வில், நீண்டகாலம் சுருட்டுக் குடித்தவர்களிடம் இது கூடுதலாக இருந்தது. பின் வரிசையில் பீடிக் கட்டை மடியில் சொருகுகிற அண்ணனைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நெஞ்சுக்குக் கெடுதி என்றால் நீங்கள் கேட்கப்போவதில்லை, கண்ணுக்காவது யோசியுங்கள்.

வெயிலைப் பற்றிக் காலையில் ஒரு தங்கச்சி கேட்டார். புத்தளத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இந்தக் கடலில் போகிறவர்களுக்கும் கண் சீக்கிரம் கெடுமா என்று. நல்ல கேள்வி. அமெரிக்காவில் செசப்பீக் குடாவில் தொழில் செய்கிற 838 மீனவர்களை வைத்து இதையே ஆராய்ந்தார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் ஒரு வகை வெண்புரையைக் கூட்டுகிறது என்று 1988இல் வெளியிட்டார்கள். ஆனால் மாகுலா நோய்க்கும் அந்தக் கதிருக்கும் தொடர்பு தெரியவில்லை. முற்றிய நோய் இருந்த சிலர் மட்டும் நீல ஒளியில் அதிக காலம் இருந்தவர்கள் என்று 1992இல் சொன்னார்கள். அவர்கள் மிகக் கொஞ்சப் பேர், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. என்றாலும் தொப்பியும் குடையும் வெண்புரைக்காவது நல்லதுதான்.

சாப்பாட்டில், கீரையும் மீனும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நோய் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்லுகின்றன. பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கைக்கீரை எல்லாம் லயத்துக் காம்பராவின் பின்புறமே வரும். இந்தக் கடற்கரையில் கிடைக்கிற சாளை, சூடை நல்ல மீன். கருவாடு வாங்கிப் போகிறீர்கள், போங்கள், ஆனால் பிரசர் உள்ளவர்கள் உப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்றமின் குளிசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2001இல் முடிந்த பெரிய ஆய்வில், நாகமும் விற்றமின் சீ, ஈ முதலானவையும் சேர்ந்த குளிசை, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு நோய் முற்றுவதை ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 25 சதவீதம் குறைத்தது. 2013இல் இரண்டாவது ஆய்வு முடிந்தது. முதல் குளிசையில் இருந்த பீற்றா கரோட்டின் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் என்பதால், அதை எடுத்துவிட்டுக் கீரையில் உள்ள லூட்டீனைச் சேர்த்தார்கள். மீன் எண்ணெய்க் குளிசை சேர்த்ததில் மேலதிக பலன் இல்லை. நோயே இல்லாதவருக்கு இந்தக் குளிசையால் தடுப்பு கிடைக்காது. ஆகவே பார்மசியில் யாராவது "கண்ணுக்கு நல்லது" என்று ஆயிரக் கணக்கில் டப்பா நீட்டினால் வாங்காதீர்கள்.

இப்போது வைத்தியத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் லேசர் கதிரால் அந்தக் குழாயைச் சுடுவார்கள். சுட்ட இடமும் பார்வை இழக்கும். நல்ல காலம் வந்தது புற்றுநோய் ஆராய்ச்சியால். கவ்வாத்து வெட்டிய செடிக்கு உரம் போட்டால் துளிர் வருகிற மாதிரி, உடம்பில் இரத்தக் குழாய் துளிர்க்க ஓர் உரப் பொருள் இருக்கிறது. அதை அடக்க ஒரு மருந்து செய்தார்கள், பெயர் அவாஸ்ரின். 2004இல் அது குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதே கம்பனி கண்ணுக்கென்று லூசென்ரிஸ் என்ற இன்னொரு மருந்தைச் செய்து 2006இல் அனுமதி வாங்கியது. அந்த ஆய்வில், ஊசி போட்டவர்களில் 100க்கு 94 பேருக்கு மேல் ஒரு வருடத்தில் பெரிதாகப் பார்வை இழக்கவில்லை. போடாதவர்களில் 62 பேர்தான் அப்படித் தப்பினார்கள். முழு அளவு மருந்து போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பார்வை நன்றாகவே கூடியது. அதற்கு முன் இப்படி ஒரு பலன் கிடைத்ததே இல்லை.

ஆனால் விலை! அப்போது அமெரிக்காவில் ஒரு லூசென்ரிஸ் ஊசி சுமார் 2,000 டொலராக இருந்தது. 2005இல் மியாமியில் டாக்டர் ரோசன்பெல்ட் என்பவர், புற்றுநோய் மருந்தான அவாஸ்ரினையே சின்னத் துளியாகக் கண்ணில் போட்டுப் பார்த்தார். பலன் தெரிந்தது. அது அப்போது ஒரு தடவைக்கு சுமார் 50 டொலராகத்தான் இருந்தது. கம்பனி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அரசாங்கப் பணத்தில்தான் ஒப்பிட வேண்டி வந்தது. அமெரிக்காவில் 1,208 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011இல், பிரித்தானியாவில் 610 பேரை வைத்து நடந்தது 2012இல். பிரித்தானிய ஆய்வை நடத்தியவர் பெல்பாஸ்ற் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை உஷா சக்கரவர்த்தி. நான் முன்னே சொன்ன இந்தியக் கிராமத்து ஆய்விலும் அவர் பங்கு உண்டு. இரண்டு மருந்தும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்று முடிவு வந்தது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் இந்த மலிவான மருந்தைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம்மைப் போன்ற ஏழைகளுக்கு அதுதான் கதவைத் திறந்தது.

2018இல் அம்மாவின் வலது கண்ணிலும் ஆரம்பித்தது. இந்த முறை கண்டுபிடித்தது அம்மாதான். லயத்துக் கதவு நிலையைத் தினமும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "தம்பி, நிலை வளையுது" என்று ஒரு காலையில் சொன்னார். நான் சிரிக்கவில்லை. பிரட்டுக்கும் போகவில்லை. இரண்டாம் கிழமைக்குள் முதல் ஊசி போட்டாச்சு. கண்ணில் ஊசியா என்று லயமே நடுங்கியது. மரக்கப் பண்ணும் சொட்டு மருந்து விட்டு, வெள்ளை முழியின் ஓரத்தில் ஒரு நொடியில் போடுகிறார்கள். அம்மா சொன்னது: "அட்டை கடிச்சதுதான் இதவிட வலி." மாதத்துக்கு ஒன்றாக மூன்று, பிறகு இடைவெளி விட்டு விட்டு. இது ஒரு தடவையில் முடிகிற வைத்தியம் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். நடுவில் மழைக்காலத்தில் இரண்டு கிளினிக் விட்டுவிட்டோம். திரும்பவும் கசிந்துவிட்டது. பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போகிறது என்று கிளினிக்கை விட்டால் போட்ட ஊசிகளும் வீண். ஊசி போட்ட பின் கண் சிவந்து, வலி கூடி, பார்வை மங்கினால் அது கிருமியாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் அடுத்த கிளினிக் திகதி வரை பார்க்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. இடது கண் போன சில மாதத்தில் அம்மா ஒரு மாலையில் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "செவத்துல சின்னச் சின்ன ஆளுங்க வரிசையா போறாங்கடா. பச்சை சீலை கட்டியிருக்காங்க. சத்தம் ஒண்ணும் இல்ல." எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த வீட்டில் முனி என்றார்கள். பூசாரிக்கு ஆள் போய்விட்டது. சேவலும் பேசியாச்சு. மூளை கலங்கிவிட்டது என்று என் அக்கா அழுதார். கிளினிக்கில் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அந்த டொக்டர் அம்மா சிரித்த முகத்தோடு, "இது பலருக்கு வரும், யாரும் சொல்லுவதில்லை" என்றார். நடுப்பார்வை போனால், படம் வராத இடத்தை மூளை தானே படம் போட்டு நிரப்புகிறதாம். 1760இல் சுவிற்சர்லாந்தில் சார்ல்ஸ் பொனே என்ற அறிஞர், பார்வை மங்கிய தன் தாத்தா சார்ல்ஸ் லுல்லின் ஆட்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் இல்லாத இடத்தில் பார்த்ததை எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரால்தான் இது வழங்குகிறது. தாத்தாவுக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான். அது நிஜமில்லை என்று அவருக்குத் தெரியும். லைட்டைப் போட்டால், கண்ணை இப்படியும் அப்படியும் உருட்டினால், பெரும்பாலும் மறைந்துவிடும். அன்றிலிருந்து அம்மாவுக்குப் பயம் போய்விட்டது. "இன்னைக்கு எத்தனை பேர் பிரட்டுக்கு வந்தாங்க?" என்று நான் கேட்பேன், எண்ணிச் சொல்லுவார். நம்ம லயங்களில் இப்படி எதையாவது பார்த்துவிட்டு, பைத்தியம் என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிற கிழவன் கிழவி எத்தனை பேரோ. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களாகவே கேளுங்கள்.

உலர்ந்த வகைக்கு இன்னும் நல்ல மருந்து இல்லை. அமெரிக்காவில் 2023இல் இரண்டு ஊசி மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அவை தேய்வதைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான். போன பார்வை வராது. 2025இல் ஒரு புதினம் வெளியானது. விழித்திரைக்கு அடியில் அரிசி மணியைவிடச் சின்னதான ஒரு சில்லை வைத்து, விசேட கண்ணாடியில் உள்ள கமராவிலிருந்து அதற்குப் படம் அனுப்புகிறார்கள். ஐரோப்பாவில் 38 பேருக்குச் செய்தார்கள். ஒரு வருடம் வரை பார்த்த 32 பேரில் 26 பேருக்கு வாசிக்கும் பார்வை நன்றாகக் கூடியது. நம் பக்கம் அது எப்போது வரும், வந்தாலும் யாரால் வாங்க முடியும் என்பது வேறு கதை.

போகும்போது வாசலில் எல்லோருக்கும் சதுரக் கோடு போட்ட ஒரு தாள் தருகிறோம். நடுவில் ஒரு புள்ளி இருக்கும். லயத்தில் வெளிச்சமான இடத்தில், கண் மட்டத்தில் ஒட்டுங்கள். வாசிக்கிற தூரத்தில் நின்று, வாசிக்கிற கண்ணாடியோடு, ஒவ்வொரு கண்ணாகப் புள்ளியைப் பாருங்கள். கிழமைக்கு ஒருமுறை போதும், நோய் உள்ளவர்கள் தினமும். கோடு வளைந்தால், தோட்ட டிஸ்பென்சரியில் "வெள்ளை" என்று சொல்லாமல் "கோடு வளையுது" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். கண்டிக்கோ கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்கோ துண்டு வாங்கித் தருவது என் பொறுப்பு. விடிகாலை பஸ்ஸுக்குத் துணையில்லாதவர்களுடன் நான் வருவேன்.

அம்மா இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் இவ்வளவு நேரம் தன்னைப் பற்றியே பேசுகிறேன் என்று முறைக்கிறார், ஓரக் கண்ணால்தான், நேராகப் பார்த்தால் என் முகம் அவ்வளவாகத் தெரியாது. காலையில் இறங்கியதும் இடது கண்ணை மூடிக்கொண்டு கடலைப் பார்த்தார். எப்படி இருக்கு என்று கேட்டேன். "கொஞ்சம் நெளியுது. போன மாசம் இருந்த மாதிரியேதான்" என்றார். அடுத்த கிளினிக் வருகிற வியாழக்கிழமை.

பஸ் 4 மணிக்குப் புறப்படும். கருவாடு வாங்குகிறவர்கள் அதற்குள் வாங்கிவிடுங்கள். கடல் கோணலாகத் தெரிந்தவர்கள் முதலில் என்னிடம் வாருங்கள், கருவாடு பிறகு.